மரம் காயும்வரை

எங்கள் பக்கத்தில் கிறிஸ்துமஸ் மரம் என்றால் சவுக்குதான். மரக்காணத்தில் உப்பளத்தைத் தாண்டினால் மணல், மணலைத் தாண்டினால் சவுக்குத் தோப்பு, தோப்பைத் தாண்டினால் கடல். வாழ்த்து அட்டையில் இருக்கிற அந்த வெளிநாட்டு மரத்தை எங்களில் யாரும் கண்ணால் பார்த்ததில்லை. சவுக்கின் உச்சியை ஆளுயரத்துக்கு வெட்டிவந்து, பழைய பெயிண்ட் வாளியில் மணல் போட்டு நட்டு, பஞ்சைப் பிய்த்து மேலே தூவினால் எங்களுக்குப் போதுமான பனி பெய்துவிடும். ஒரே ஒரு சங்கடம், எங்கள் அடுப்பில் எரிவதும் சவுக்குதான். டிசம்பர் மாதத்தில் ஒரு சவுக்கு வீட்டுக்குள் ஜோடனையோடு நிற்கும், இன்னொன்று எரிந்துகொண்டிருக்கும். இதில் யாரும் தப்பு ஒன்றும் கண்டதில்லை. எனக்கு ஒன்பது வயதான வருடம் நான் கண்டேன்.

அந்த வருடம் கார்த்திகை மழையில் பின்பக்கத்துச் சமையல் கொட்டகையின் கூரை சரிந்து விழுந்துவிட்டது. அம்மா விறகடுப்பைத் தூக்கிக் கூடத்துக்குள், பின்வாசல் கதவோரம் வைத்துவிட்டாள். கேஸ் அடுப்பு இருந்தது, ஆனால் அது டீக்கும் பாலுக்கும் மட்டும். தம்பி பிறந்து மூன்று மாதம். அவன் குளிக்க வெந்நீர், அவன் துணியைக் காயவைக்கச் சூடு, அவனுக்கு வாடைக்காற்று படாமலிருக்கக் கதகதப்பு என்று அடுப்பு காலையிலிருந்து இருட்டும்வரை அணையவில்லை. மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை கிடையாது என்பதால் அம்மாவும் அடுப்பை விட்டு நகரவில்லை. ஊரே நடுங்கிக்கொண்டிருந்தபோது எங்கள் கூடத்தில் மட்டும் வேர்த்தது.

தம்பியைப் பார்க்கத்தான் அப்பா வந்திருந்தார். அவர் வளைகுடாவில் ஏசி ரிப்பேர் செய்கிறவர். போன கிறிஸ்துமஸுக்கு வந்து போனவர் இப்போதுதான் மறுபடி வந்தார். ஊரார் வீட்டையெல்லாம் குளிரவைக்கிற மனுஷனின் வீடு இப்படிக் கொதிக்கிறதே என்று மாமா, அதாவது அம்மாவின் தம்பி, கிண்டல் செய்வார். சவுக்கு வெட்டும் கூலி வேலைக்குப் போகிற அவர்தான் அந்த வருட மரத்தையும் தோளில் தூக்கிவந்து போட்டார்.

அப்பா சீரியல் பல்பைக் கிளைகளில் சுற்றிக்கொண்டிருந்தபோது நான் அந்தக் கேள்வியைக் கேட்டேன்.

"நீ எப்பப்பா திரும்பப் போவ?"

அவர் பல்லில் இன்சுலேஷன் டேப்பைக் கடித்துக்கொண்டே சொன்னார். "இந்த மரம் காயட்டும் பாப்பா, அப்புறம் பாக்கலாம்."

அடுப்படியிலிருந்த அம்மா திரும்பி அவரைப் பார்த்தாள். நான் சின்ன வயதிலிருந்தே சொன்ன சொல்லைப் பிடித்துக்கொள்கிற ரகம். தீபாவளிக்குப் பட்டாசு வாங்கித் தருகிறேன் என்று போகிறபோக்கில் சொன்ன மாமாவைப் பொங்கல்வரை விரட்டியிருக்கிறேன். மரம் காய்ந்தால் அப்பா போவார், காயாவிட்டால் போகமாட்டார். இதைவிடத் தெளிவாக யாரும் எனக்கு எதையும் சொன்னதில்லை.

மூன்றாம் நாளே அடுப்புப் பக்கம் இருந்த கிளைகளின் நுனி பழுப்பேறியது. கோயில் பீடத்துக்குப் பூ வைக்கிற சிஸ்டரிடம் ஓடினேன். அவர் வைக்கிற பூ ஒரு வாரம் நிற்கும், அதனால் இந்த விஷயத்தில் அவரை விட்டால் ஆளில்லை.

"மணல்ல நட்டா எப்டிம்மா தண்ணி குடிக்கும்? அடியைக் கொஞ்சம் சீவிட்டுத் தண்ணியில வை. தெனம் தண்ணிய மாத்து. சூடு மட்டும் படக் கூடாது."

மணலைக் கொட்டிவிட்டு, கல்லை முட்டுக்கொடுத்து, வாளி நிறையத் தண்ணீர் ஊற்றினோம். மாமா திட்டிக்கொண்டே அடிக்கட்டையைச் சீவிக் கொடுத்தார். லாரி லாரியாக ஏற்றுகிற கட்டைக்கு இப்படி வைத்தியம் பார்க்கிறவளை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். தினமும் காலையில் தண்ணீர் மாற்றினேன். ஒரே பக்கம் சூடு படாமலிருக்க மரத்தைத் திருப்பித் திருப்பி வைத்தேன். அப்பா எப்போதோ கொண்டுவந்து தீர்ந்துபோன சென்ட் பாட்டிலை அம்மா அலமாரியில் பத்திரமாக வைத்திருந்தாள். அதைக் கேட்காமல் எடுத்துத் தண்ணீர் நிரப்பி, இலைமேல் பீய்ச்சினேன். மரம் முழுக்க அப்பா வாசனை அடித்தது.

ஆனால் அடுப்பை என்ன செய்வது? கொடி கட்டி ஈரச் சாக்கைக் குறுக்கே தொங்கவிட்டேன். சூடு மரத்துக்குப் போகவில்லை. மரத்துப் பக்கம் காயப்போட்டிருந்த தம்பியின் துணிக்கும் போகவில்லை.

"ஏண்டி, புள்ளைக்குத் துணி காய வேணாமா?" என்று அம்மா சாக்கைப் பிடுங்கி வெளியே எறிந்தாள்.

துணி காய வேண்டும், மரம் காயக் கூடாது, அடுப்போ ஒன்றுதான். எனக்குத் தம்பிமேல் நியாயமான கோபம் வந்தது. அவன் வந்ததால்தான் அப்பா வந்தார் என்பது எனக்குத் தெரியும். அவனாலேயே போகவும் போகிறார் என்பதைத்தான் தாங்க முடியவில்லை. நேராக அப்பாவிடம் போய், அடுப்பை வெளியே போடச் சொல் என்று அழுதேன். அவர் புகையைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார், கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்தார். மறுநாள் கீற்றும் மூங்கிலும் வாங்கிவந்துவிட்டார். அவரும் மாமாவுமாக இரண்டே நாளில் கொட்டகைக்குப் புதுக் கூரை போட்டார்கள். நான் கயிறு எடுத்துக் கொடுத்தேன். அடுப்பு வெளியேறியது. அப்பா என் கட்சிக்கு வந்துவிட்டார் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

கூரையோடு அவர் நிற்கவில்லை. பின்கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள் போட்டார். ஒழுகிய குழாய்க்கு வாஷர் மாற்றினார். அம்மாவின் சைக்கிளுக்குச் செயின் வாங்கினார். போகப்போகிற மனுஷன் யாராவது வீட்டுக்குத் தாழ்ப்பாள் போடுவாரா என்று நான் எனக்குள்ளே கேட்டுச் சந்தோஷப்பட்டேன். போகப்போகிறவர்தான் போடுவார் என்பது அந்த வயதில் தெரியாது.

புது வருடம் பிறந்தது. நெருங்கிப் போய்ப் பார்த்தால் மரத்தின் உள்பக்கம் மஞ்சள் தட்டியிருந்தது. தொட்டால் பொடிப்பொடியாக உதிர்ந்தது. தண்ணீரால் இனி ஆகாது என்று தோன்றியது. அந்தச் சமயம் பார்த்து அம்மா கொட்டகையில் உட்கார்ந்து, மிஞ்சிய மீனுக்குக் கல் உப்பை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். உப்பு போட்டுட்டா எத்தினி நாளானாலும் கெடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். எனக்குப் பொறி தட்டியது. மாங்காய் கெடுவதில்லை, மீன் கெடுவதில்லை, சவுக்கு மட்டும் ஏன் கெடப்போகிறது? அதுவும் கடலோரத்திலேயே பிறந்து வளர்ந்த மரம். வீட்டில் மூட்டையாக இருப்பதை விட்டுவிட்டு வெறும் தண்ணீரை மாற்றிக்கொண்டிருந்த என் மடத்தனத்தை நினைத்து எனக்கே வெட்கமாக இருந்தது. யாரும் பார்க்காதபோது நாலு கை உப்பை வாளியில் போட்டுக் குச்சியால் கலக்கிவிட்டேன்.

இரண்டு நாளில் நுனியெல்லாம் துருப்பிடித்த நிறத்துக்கு வந்தது. மருந்து போதவில்லை என்று இன்னும் நாலு கை போட்டேன். அதற்கப்புறம் மரம் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே செத்தது. மரத்தடியில் ஜோடித்திருந்த குடிலில் படுத்திருந்த பாலன் இயேசுவின் மேலும் மாட்டின் மேலும் சருகு கொட்டியது. அப்பா கண்ணில் படக் கூடாதென்று தினமும் கூட்டி அள்ளிப் பள்ளிக்கூடப் பையில் ஒளித்துவைத்தேன். ஆனால் மரத்தைப் பையில் வைக்க முடியாதே.

ஜனவரி ஆறாம் தேதி, மூன்று ராஜாக்கள் திருநாளன்று மத்தியானம், பரணிலிருந்த பெட்டியை அப்பா கீழே இறக்கினார். அம்மா ஊறுகாய், மிளகாய்த்தூள், கருவாடு எல்லாவற்றையும் பிளாஸ்டிக் தாளில் சுற்றிச் சுற்றி உள்ளே வைத்தாள். நான் வாசற்படியில் நின்று ஒரு தடவை மரத்தைப் பார்த்தேன், ஒரு தடவை பெட்டியைப் பார்த்தேன். யாரும் எனக்கு ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை கோயிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம். புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கி ஒரு வருடம்கூட ஆகாத எனக்கு அதுவரை பெரிய பாவம் எதுவும் வாய்க்கவில்லை. பென்சில் திருட்டு, பொய், தம்பியைக் கிள்ளியது என்று வழக்கமான பட்டியலைத்தான் ஒப்பிப்பேன். அன்றைக்கு மட்டும் முழங்காலிட்டதும் பட்டியலை விட்டுவிட்டேன்.

"சாமி, எங்கப்பாவ நான்தான் ஊரை விட்டு அனுப்பிட்டேன்."

சாமியார் திடுக்கிட்டிருக்க வேண்டும். என்னம்மா பண்ணின என்று மெதுவாகக் கேட்டார். உப்பு போட்டேன் என்றேன். மூன்று அருள்நிறைந்த மரியாயே ஜெபம் சொல்லு, வீட்டுக்குப் போய் அம்மாகிட்ட முழுசாச் சொல்லு என்றார். முதல் அபராதத்தைக் கோயிலிலேயே முடித்துவிட்டேன். இரண்டாவதுதான் கஷ்டமாக இருந்தது.

அம்மா கொட்டகையில் தம்பியைக் கால்மேல் போட்டுக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். அப்பா சொன்ன சொல், நான் போட்ட உப்பு, பையிலிருந்த சருகு, எல்லாவற்றையும் சொல்லி, என்னாலதான் அப்பா போகுது என்று அழுதேன். முதலில் சிரித்தாள். அப்புறம் அடுப்புப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, புகையே இல்லாத அடுப்பை ஊதினாள்.

"போடி, போய் மூஞ்சியக் கழுவு" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க நான் யாரிடமும் பேசவில்லை, சரியாகச் சாப்பிடவும் இல்லை. அப்பா தூக்கி மடியில் வைத்துக்கொண்டபோதுகூட அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மறுநாள் நான் எழுந்தபோது விடிந்திருந்தது, பெட்டி இல்லை, அவர் செருப்பு இல்லை. என்னை எழுப்பாமலே கிளம்பியிருந்தார்.

போர்வையோடு கூடத்துக்கு வந்தேன். அப்போதுதான் அதைப் பார்த்தேன். பழுப்பாக நின்ற மரத்தின் நடுவில், என் முழங்கை நீளத்துக்கு ஒரு கிளை பச்சைப்பசேலென்று நின்றது. பக்கத்தில் போய்த் தொட்டேன். ஈரமாக இருந்தது. ஓர் இலைகூட உதிரவில்லை. மரம் பிழைத்துவிட்டது, உப்பு வேலை செய்துவிட்டது, கொஞ்சம் தாமதம், அவ்வளவுதான். துள்ளிக் குதித்தேன். அடுத்த நிமிஷமே கோபம் தலைக்கேறியது.

"மரம் காயவே இல்லியே, அப்பா ஏன் போச்சு?"

தம்பிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த அம்மா என்னைப் பார்க்காமலே, "அத அவரையே கேளு" என்றாள்.

அன்றைக்குக் காலையில் இட்லி எட்டு தின்றேன். குற்றம் என்மேல் இல்லை என்று தெரிந்தபிறகு வருகிற பசி தனி. பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் எங்கப்பா சொன்ன சொல்லைக் காப்பாத்தாது என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். சாட்சியம் கெட்டுப்போகக் கூடாதென்று அந்தக் கிளையைத் தனியாக எடுத்து, உப்பில்லாத தண்ணீரில் வைத்துப் பார்த்துக்கொண்டேன். அதன் அடி கத்தியால் சாய்வாகச் சீவப்பட்டிருந்ததைப் பார்த்தேன்தான். செத்த மரத்தில் முளைத்த கிளைக்கு அடி எப்படி வெட்டுப்பட்டது என்று யோசிக்கிற நிலையில் நான் இல்லை, அவ்வளவு கோபம்.

அப்பா போன் பண்ணிய முதல் இரண்டு தடவையும் நான் பேச மறுத்துவிட்டேன். மூன்றாவது தடவை அம்மா போனை என் காதில் வைத்து அழுத்தினாள்.

"நீ பொய் சொல்லிட்ட. மரம் பச்சையா இருக்குது. நீ போயிட்ட."

லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன்.

"ஆமா பாப்பா. மரம் நல்லாத்தான் இருந்துச்சு. தப்பு என்னுதுதான்."

போன மாதம் தம்பி கல்லூரியிலிருந்து வந்திருந்தான். கிறிஸ்துமஸுக்குச் சவுக்கு வைப்பதா, கடையில் பிளாஸ்டிக் மரம் வாங்குவதா என்று வீட்டில் பேச்சு வந்தது. அம்மா பேச்சோடு பேச்சாக என் உப்புக் கதையை அவனுக்குச் சொன்னாள். அதில் எனக்கே தெரியாத ஒரு பகுதி இருந்தது.

"வாசல்ல வேன் வந்து நிக்குது, டிரைவர் ஹாரன் அடிக்கிறான். இவரு கத்திய எடுத்துக்கினு தோப்புக்குப் போயிட்டாரு. ஏங்க, ஃபிளைட்டு போயிடும்னு நான் கத்துறேன். வந்து அந்தக் கிளைய மரத்துல சொருகி வெச்சிட்டு என்ன சொன்னாரு தெரியுமா? தன்னாலதான் அப்பன் போனான்னு புள்ள அழக் கூடாது, எம்மேல கோவிச்சிக்கட்டும்னாரு. எட்டி இவளைப் பாத்தாரு, இவ வாயப் பொளந்துக்கினு தூங்குறா."

தம்பி சிரித்தான். நானும் சிரிக்கத்தான் பார்த்தேன்.

டிக்கெட் அவர் வரும்போதே போட்டதாம். அம்மாவுக்கும் அது முதல் நாளே தெரியுமாம். அது எனக்கு எப்படித் தெரியும்? ஒன்பது வயதில், போனைக் காதில் வைத்துக்கொண்டு, தப்பு என்னுதுதான் என்று அவர் சொன்னதைக் கேட்டபோது, வழக்கில் நான் ஜெயித்துவிட்டேன் என்பது மட்டும்தான் தெரிந்தது.