பெர்சிஸ் சுமந்துபோன பெட்டி

ஓடிப்போகிறவள் கையில் துணிப்பை இருக்கும், இல்லையென்றால் நகை இருக்கும். ஒரு முழத்துக்கு மேல் அகலமான அட்டைப்பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பட்டப்பகலில், தெருவே பார்க்க எவளாவது ஓடிப்போவாளா? பெர்சிஸ் யாரோடும் ஓடவில்லை. நடந்துதான் போனாள். பெற்ற தாயைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனாள் என்று எதிர்வீட்டுத் தனலட்சுமி சொல்லிக்கொண்டு திரிகிறாள். அதற்கும் பதில் இருக்கிறது. முதலிலிருந்து கேட்டுவிட்டு அப்புறம் பேசட்டும்.

பாளையங்கோட்டை சமாதானபுரத்தில் அந்த வீட்டில் இரண்டே பேர். தாய் லில்லி ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் கிளார்க். மகள் பெர்சிஸுக்கு இருபத்தாறு வயது. வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டரில் ஏதோ கம்பெனிக்கு விவரம் ஏற்றும் வேலை. தகப்பன் பாக்கியசீலன் வாத்தியார் கொரோனா வருஷத்தில் போய்ச் சேர்ந்தார். துக்கம் கேட்க ஓர் ஆள் வாசல்படி ஏறவில்லை. ஏறவும் முடியாது, தெருவைத் தகரம் வைத்து அடைத்திருந்தார்கள். தகரத்தைப் பிரித்த பிறகும் ஏறாமலே பழகிவிட்டார்கள். சாயங்காலம் லில்லி வந்து, "சாப்ட்டியாட்டி?" என்பாள். "சாப்ட்டேம்மா." அன்றைக்கு அந்த வீட்டில் பேச்சு அவ்வளவுதான்.

அந்த வருஷம்தான் பெர்சிஸ் கம்ப்யூட்டரில் விளையாடத் தொடங்கினாள். ஐந்து பேர் இந்தப் பக்கம், ஐந்து பேர் அந்தப் பக்கம், சுடுகிற விளையாட்டு. காதில் மாட்டிய ஹெட்செட்டில் கூட்டாளிகளின் குரல் வரும். பெர்சிஸ், இடது பக்கம் ஆள் வருது என்று பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். அவள் பெயரை யாராவது கூப்பிடுகிற இடம் அது ஒன்றுதான். தனியாகப் பேசுகிறாள், சிரிக்கிறாள், எவனோ இருக்கிறான் என்றெல்லாம் பேசினவர்கள் ஒருநாளாவது கதவைத் தட்டி என்ன ஏது என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

கோயம்புத்தூரில் பெண்பிள்ளைகளே சேர்ந்த ஓர் அணி ஐந்தாவது ஆள் தேடியது. அணித்தலைவி ஜனாபா, மேலப்பாளையத்துப் பிள்ளை. பெர்சிஸுக்கு இரண்டு வருஷமாகக் குரல் தெரியும், முகம் தெரியாது. மூன்று சனிக்கிழமை மதியம் வீட்டிலிருந்தே ஆடிக்காட்ட வேண்டும். தேறினால் அங்கேயே ஒரு வீட்டில் தங்கிச் சம்பளத்தோடு ஆடலாம். சம்பளம் அப்புறம். நாலு பேரோடு உட்கார்ந்து சாப்பிடலாம் என்பதுதான் பெர்சிஸுக்கு முதலில் தோன்றியது.

அவளிடம் இருந்த பழைய மானிட்டர் நொடிக்கு அறுபது தடவைதான் படத்தை மாற்றும். மணிக்கு ஒரு டவுன் பஸ் வருகிற ஊரில் நிற்கிற மாதிரி. எதிரி தலையைக் காட்டி, சுட்டு, ஒளிந்த பிறகுதான் இவளுக்குத் தெரியும். நூற்றெண்பது தடவை மாற்றுகிறது வேண்டும் என்று ஜங்ஷனில் முகம்மது இப்ராஹிம் அண்ணாச்சி கடைக்குப் போனாள். அவர் பெரிதாக, வளைந்த ஒன்றைக் காட்டினார்.

"தம்பிக்கு வாங்குதியாம்மா?"

"எனக்குத்தான் அண்ணாச்சி."

"இது முப்பத்திரண்டு இஞ்ச். இதே விலைக்குச் சின்னதைக் கேக்கியே?"

"அது எழுபத்தஞ்சுதான ஓடும் அண்ணாச்சி. நான் அமுக்குன ஒடனே திரையில தெரியணும். நடுவுல தங்கக்கூடாது."

அண்ணாச்சி அதற்குமேல் வாதாடவில்லை. தலையைத் திருப்பாமல் நாலு மூலையும் கண்ணுக்குள் அடங்க இருபத்துநாலு இஞ்ச்தான் சரி என்று அவரே உள்ளேயிருந்து எடுத்துவந்தார்.

லில்லி வீட்டில் எந்தப் புதுச்சாமானும் சபைப் போதகர் வந்து ஜெபம் பண்ணாமல் ஓடாது. அவர் வந்தார், துக்கத்துக்கு ஏறாத தெருவும் பின்னாலேயே வேடிக்கை பார்க்க வந்தது. "இம்புட்டூண்டா? எங்க டிவில பாதி இல்லியே. கடக்காரன் நல்லா ஏமாத்திட்டான்" என்று தனலட்சுமி சொல்லிவிட்டுப் போனாள்.

லில்லிக்கு இன்னொரு பழக்கம் உண்டு. புதியது எதையும் உறை பிரிக்க மாட்டாள். டிவி ரிமோட் பாலிதீனுக்குள் இருக்கும், நாற்காலி வாங்கின நாள் பிளாஸ்டிக்கோடு இருக்கும். மானிட்டர் பெட்டிக்குள் வந்த புதுக் கேபிளையும் அப்படியே தெர்மாகோலோடு சேர்த்துக் கட்டிப் பரணில் ஏற்றிவிட்டாள். பழைய செட்டாப் பாக்ஸ் கேபிள் சும்மாதானே கிடக்கிறது என்று அதை எடுத்துக் கொடுத்தாள். பெர்சிஸும் யோசிக்கவில்லை. அந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவள். மாட்டினாள், படம் வந்தது.

நூற்றெண்பதில் வைத்தாள். திரை கறுத்துப்போனது. அறுபதுக்கு இறக்கினால் படம் வருகிறது, ஏற்றினால் கறுப்பு. அண்ணாச்சி ஏமாற்றிவிட்டாரோ என்று அவளுக்குள் சந்தேகம் விழுந்தது. போய்க் கேட்டிருக்கலாம். கேட்டால் தனலட்சுமி சொன்னது மெய்யாகிவிடும். நல்லா இருக்கா என்று தாய் கேட்டபோதெல்லாம் நல்லா இருக்கும்மா என்றாள். அறுபதிலேயே இரண்டு சனிக்கிழமை ஆடி, இரண்டிலும் தோற்றாள்.

இரண்டாவது தோல்விக்குப் பிறகு ஜனாபா அவளை ஹெட்செட்டில் தனியே பிடித்தாள். "நீ இப்படி ஆடுற ஆளு இல்லியே. திரை எத்தனைல ஓடுது?"

தாயிடம் சொன்ன பொய் இவளிடம் வரவில்லை. "அறுபது."

ஜனாபா சிரிக்கவில்லை. எந்தக் கேபிள், பழையது அந்த வேகம் தாங்காதே, பெட்டிக்குள் தனியாக ஒன்று வந்திருக்குமே என்று பொறுமையாகக் கேட்டாள்.

பெர்சிஸ் ஸ்டூல் போட்டுப் பரணில் ஏறினாள். சத்தம் கேட்டு லில்லி அடுப்படியிலிருந்து வந்தாள். புதுசை எதற்கு இறக்குகிறாய் என்றாள். மகள் நடந்ததையெல்லாம் ஸ்டூலில் நின்றபடியே சொன்னாள்.

"நல்லா இருக்குன்னுதானட்டி சொன்ன?"

"இல்லன்னு சொன்னா நீயும் தெருவோட சேந்துக்கிடுவியோன்னு இருந்துச்சும்மா."

லில்லி கையை நீட்டிக் கேபிளை வாங்கி, பல்லால் கடித்து அந்த உறையைக் கிழித்தாள்.

மூன்றாவது சனிக்கிழமை நூற்றெண்பதிலும் திரை கறுக்கவில்லை. லில்லி கட்டிலில் உட்கார்ந்து பார்த்தாள். திரையில் ஓடியது ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் மகள் தனியாகச் சிரிக்கவில்லை, மறுமுனையில் யாரோ சொன்னதற்குச் சிரிக்கிறாள் என்பது விளங்கியது. அந்த ஆட்டத்தில் பெர்சிஸ் ஜெயித்தாள், அன்று சாயங்காலமே கோயம்புத்தூருக்கு வரச்சொல்லிவிட்டார்கள்.

பெட்டியை லில்லியேதான் பரணிலிருந்து இறக்கினாள். ஒரு மூலை மடங்காத பெட்டி, ஒரு துண்டு உடையாத தெர்மாகோல். மானிட்டரை உள்ளே வைத்ததும் கடையில் இருந்த மாதிரியே உட்கார்ந்தது.

"கேபிள வச்சிட்டியா?"

"உள்ள இருக்கும்மா."

தெருமுனையில் கழிவுநீர்க் குழாய்க்குத் தோண்டிப் போட்டிருந்ததால் ஆட்டோ உள்ளே வரவில்லை. முதுகில் துணிப்பை, கீழே இரண்டு கையும் கொடுத்த பெட்டி, பெட்டிமேல் தாடை. லில்லி கேட்டைத் திறந்துவிட்டாள். கேட்டுக்கும் தோண்டின மண்ணுக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கத்தான் இடம். திரும்பினால் பெட்டி இடிக்கும். கையசைக்கக் கை ஏது?

"போய்ட்டு வாரேம்மா" என்றாள், முன்னால் பார்த்தபடியே.

"பைய போ. எங்கயும் தட்டிராத."

எதிர்ப்படியில் நின்ற தனலட்சுமிக்கு இது கேட்டிருக்காது. லில்லிக்குக் கேட்டது. ஆட்டோ போய் வெகுநேரம் ஆனபிறகும் அவள் கேட்டைச் சாத்தாமல் அங்கேயே நின்றாள்.