நான் செய்த உப்பு மீட்டர்

எழுபதுகளின் கடைசி. அன்றைய தஞ்சை மாவட்டத்தின் கடைமடையில், கடலுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு கல்லூரியில் வேதியியல் ஆசிரியராக இருந்தேன். தண்ணீரில் உப்பை அளக்கும் மீட்டர் வாங்க வழியில்லை என்று நிர்வாகம் கையை விரித்துவிட்டதால் நானே ஒன்று செய்தேன். பழுதான ரேடியோவின் மீட்டர், தீர்ந்துபோன டார்ச் செல்களிலிருந்து உருவிய கரிக்குச்சிகள், ஒரு குட்டி டிரான்ஸ்பார்மர், சோப்பு டப்பா, அவ்வளவுதான். குச்சிகளைத் தண்ணீரில் விட்டால், உப்பு கூடக் கூட முள் நகரும். உப்பை எடைபோட்டுக் கரைத்துக் கரைத்து ஒரு வாரம் உட்கார்ந்து கோடுகள் வரைந்தேன். சீமை மீட்டரே இதனிடம் பிச்சை வாங்க வேண்டும் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வேன்.

அந்தத் தை மாதம் அறுவடைக் கூலியில் தகராறு. வேலைக்கு வராதவர்களுக்குத் தன் கிணற்றில் தண்ணீர் கிடையாது என்று மிராசுதார் வேலி போட்டுவிட்டார். எங்கள் கல்லூரிக் கமிட்டியிலும் அவர்தான் பெரிய தலை. அந்தக் கூலிக்காரர் தெருவிலிருந்து படிக்க வந்த ஒரே பெண், ஒருநாள் வகுப்பு முடிந்ததும் பாட்டிலோடு வந்து நின்றாள்.

"வாய்க்கால் வத்திப்போச்சு சார். மணல்ல ஊத்து தோண்டிக் குடிக்கிறோம். புள்ளைங்க வாந்தி எடுக்குதுங்க. ஆபீசர் வந்து, நல்ல தண்ணிதான்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. கொஞ்சம் பாருங்க சார்."

முள் ஒரே பாய்ச்சலாகக் கடைசிக் கோட்டில் போய் முட்டியது. குச்சிகளைக் கழுவிவிட்டு மறுபடி விட்டேன். அதே இடம்.

அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "இத எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க சார். நாளைக்குத் தாசில்தார் பேச வர்றாரு. காட்டணும்."

என் நாக்கில் என்ன சனி உட்கார்ந்ததோ! "இது பாடம் நடத்த ஒட்டிவச்சதும்மா. இத நம்பியெல்லாம் எழுதித் தர முடியாது" என்றேன். மிராசுதார் முகம்தான் கண்முன் நின்றது.

"போன வாரம் நீங்கதானே சார்..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினாள். பாட்டிலை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பேச்சுவார்த்தையில் அவர்கள் கையில் காட்ட ஒரு காகிதமும் இல்லை. தண்ணீருக்காகப் பழைய கூலிக்கே இறங்கினார்கள். அந்த வாரமே பஸ்ஸில் போகும்போது பார்த்தேன். வயலில் அரிவாளோடு வரிசையில் குனிந்திருந்தாள். அவள் நிமிர்ந்தபோது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பிறகு அவள் கல்லூரிக்கு வரவே இல்லை. வீட்டுக்குப் போய்க் கூப்பிடும் தைரியமும் எனக்கு வரவில்லை.

சில வருடம் கழித்து அந்த மீட்டருக்கு ஒரு பரிசு கிடைத்தது. 'நம்பகமான கருவி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட சான்றிதழ் இன்னும் பெட்டியில் இருக்கிறது. அந்த ஒரு வரியை அன்றைக்கு அவளுக்கு எழுதிக் கொடுக்காத பாவி நான் என்பதைத்தான் அது எனக்குச் சொல்கிறது.