கையூன்றி உட்கார்ந்த பிள்ளை

உங்கள் வீட்டுப் பிள்ளை உட்காரக் கற்றது எப்படி என்று கேட்டால் உங்களால் பதில் சொல்ல முடியுமா?

"அதுவாக உட்கார்ந்தது" என்பீர்கள். அதுவாக ஒன்றும் நடப்பதில்லை. வயிறு நிறையப் பால் இருந்தது, புரளத் தரை இருந்தது, சரிந்தால் தூக்கிவிட ஆள் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளை விழித்திருந்தது. பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்துச் சேரியில் குள்ளம்மாள் பெற்ற தீர்த்தம்மாளுக்கு இவற்றில் ஒன்றுகூட இல்லை.

குள்ளம்மாள் புளி மண்டியில் கூலிக்காரி. பழத்தைக் கட்டையால் தட்டி ஓட்டை உடைத்து, நாரை உரித்து, கொட்டையைப் பிதுக்கி எடுப்பது அவள் வேலை. சீசன் முடிவதற்குள் நகக்கண்ணெல்லாம் வெந்துபோகும். புருஷன் மாரப்பன் கோலார் தங்கவயலுக்குப் போனவன். பிள்ளை பிறந்த செய்தி அவனுக்குப் போய்ச் சேர்ந்ததா என்றுகூட அவளுக்குத் தெரியாது. இது நடந்தது முப்பத்தேழாம் வருஷம்.

மண்டியில் ஒரு சட்டம் இருந்தது. அதைச் சொன்னவன் மேஸ்திரி செல்லன்.

"ஒக்கார்ற புள்ளைன்னா தூக்கினு வாங்க, ஒரு மூலையில குந்த வெச்சிக்கலாம். படுத்துக் கெடக்கற புள்ள வேணாம். புளி மேல மூத்திரம் வுட்டா மொதலாளிக்கு நானா பதில் சொல்றது?"

அவ்வளவு பெரிய கொட்டகையில் ஒரு கோணியை விரித்துப் படுக்க வைக்க இடமில்லையா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டவளுக்கு மறுநாள் வேலை இருக்காது.

ஆகவே படுத்த பிள்ளைகள் வீட்டிலேயே கிடந்தன. தனியாகக் கிடக்கிற பிள்ளை அழுது தொண்டை கட்டிப் போகாமலிருக்க, சேரிப் பெண்கள் எல்லோரும் செய்ததையே குள்ளம்மாளும் செய்தாள். சர்க்கார் லைசென்சுக் கடையில் விற்கிற அபினியைக் கடுகளவு கிள்ளி, முலைப்பாலில் கரைத்து நாக்கில் தடவுவாள். பிள்ளை பொழுது சாயும்வரை தூளியில் அசையாமல் தூங்கும்.

உட்காராததால் பிள்ளைக்கு மண்டியில் இடமில்லை. மண்டியில் இடமில்லாததால் அபினி. அபினியில் கிடந்ததால் பிள்ளை உட்காரவில்லை. இந்த வட்டத்தைப் போட்டவன் எந்தக் கடவுளும் அல்ல.

ஒன்பதாவது மாதத்திலும் தீர்த்தம்மாளை உட்கார வைத்தால் ஈரத்துணிபோலச் சரிந்தாள். அடுத்த குடிசைச் சின்னக்கண்ணு கேலி செய்வாள்.

"என்னாடி, உம்பொண்ணு இன்னும் மூட்டையாட்டம் கெடக்குது?"

"மண்டிக்காரி பெத்தது மூட்டையாத்தாங்க்கா இருக்கும்."

சிரிப்பு அத்துடன் நின்றது. பூசாரி வந்து பார்த்து, பெற்றவள் பாம்புப் புற்றை மிதித்த தோஷம் என்றார். கிரகணத்தன்று பிள்ளையை இடுப்புவரை மண்ணில் புதைத்து வைத்தால் முதுகு நிற்கும், அம்மனுக்கு ஒரு சேவலும் வேண்டும் என்றார். முதுகுக்குத் தேவை சோறு. பூசாரிக்குத் தேவை சேவல். குள்ளம்மாள் தலையாட்டினாள். சேவலுக்கு வழி இல்லாததால் பிள்ளை மண்ணுக்குத் தப்பியது.

அந்த மாதம் முதலாளியின் தகப்பன் செத்தான். பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை மண்டியை மூடிவிட்டார்கள். வேலை இல்லை, கூலி இல்லை, அபினி வாங்க வழியில்லை.

முதலில் பிள்ளை ஓயாமல் அழுதது. வயிற்றால் போயிற்று, உடம்பு நடுங்கிற்று. செத்துவிடும் என்றே குள்ளம்மாள் நினைத்தாள். பிறகு ஒரு காலையில் கண்ணைத் திறந்து, கூரை இடுக்கில் விழுந்த வெயிலை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தது. சின்னக்கண்ணு கொடுத்த கேழ்வரகுக் கஞ்சியை நக்கிக் குடித்தது.

குள்ளம்மாள் அதைத் தரையில் குப்புறப் போட்டாள். கழுத்தைத் தூக்கிற்று. இரண்டு நாளில் மார்பையும் தூக்கிற்று. புரண்டது, திரும்பப் புரண்டது. பலம் மேலிருந்து கீழே இறங்குகிறது. முதலில் கழுத்து, பிறகு தோள், கடைசியில் இடுப்பு. தன் கால்களுக்கிடையில் அதை உட்கார வைத்துக் கையை எடுத்துப் பார்ப்பாள். இடப்பக்கம் சாயும். மறுமுறை வலப்பக்கம். ஒவ்வொரு விழுகையிலும் அது எதையோ தெரிந்துகொண்டது. மண்டி திறப்பதற்கு முந்தின நாள், இரண்டு உள்ளங்கைகளையும் முன்னால் ஊன்றி, யாரும் பிடிக்காமல் உட்கார்ந்தது.

குள்ளம்மாள் தெருவுக்கு ஓடினாள். "அக்கா, வந்து பாருங்கக்கா! ஒக்காந்துச்சு!"

மறுநாள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மண்டிக்குப் போனாள். செல்லன் வாசலிலேயே மறித்தான்.

"என்னாத்த தூக்கினு வர்றே?"

"ஒக்காருதுண்ணா. நெசமாலும். நீங்களே பாருங்க."

கல் தரையில் இறக்கினாள். பிள்ளை கையூன்றி உட்கார்ந்து அவனை அண்ணாந்து பார்த்தது.

"இதுக்குப் பேரு ஒக்கார்றதா? தவள கணக்கா கைய ஊனினு இருக்குது!"

பெண்கள் சிலர் சிரித்தார்கள். செல்லன் ஒரு காய்ந்த புளியம்பழத்தை எடுத்துக் கலகலவென்று ஆட்டினான். "இந்தா குட்டி, வா, புடி."

பிள்ளை ஒரு கையை எடுத்தது. விழவில்லை. சிரிப்பு நின்றது. அவன் பழத்தை இன்னும் மேலே தூக்கினான். பிள்ளை அடுத்த கையையும் எடுத்தது. ஒரு மூச்சு நேரம், எதன்மேலும் ஊன்றாமல், இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு தீர்த்தம்மாள் உட்கார்ந்திருந்தாள். பிறகு பின்பக்கமாகச் சாய்ந்தாள். தலை கல்லில் மோதிய சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

"ஒக்கார்றதுன்னா ஒக்காந்தே இருக்கணும்" என்றான் செல்லன். "வூட்டுல வுட்டுட்டு வா. இல்லாட்டி உன் எடத்துக்கு ஆளு நிக்குது."

அழுகிற பிள்ளையுடன் அவள் வீட்டுக்கு ஓடினாள். சின்னக்கண்ணுவிடம் கொஞ்சம் அபினி இருந்தது.

"எவ்ளோக்கா குடுக்கட்டும்?"

"எப்பவும் குடுக்கறதுதான்."

எப்போதும் கொடுத்த அளவையே கொடுத்தாள். பழகிய உடம்புக்கு அது தூக்கம். இத்தனை நாள் விட்டுப்போன உடம்புக்கு அது விஷம். இதை அவளுக்குச் சொல்ல அந்தச் சேரிக்கு எந்த வைத்தியனும் வந்ததில்லை. அபினி விற்ற சர்க்காரும் சொல்லவில்லை.

சாயங்காலம் அவள் மண்டியிலிருந்து திரும்பியபோது தூளியில் பிள்ளையின் உதடு நீலமாயிருந்தது. பூசாரி, "சேவல் குடுக்கல, ஆத்தா எடுத்துக்கிட்டா" என்றார். அதையும் நம்ப ஆட்கள் இருந்தார்கள். அடுத்த நாள் மண்டி வழக்கம்போல் நடந்தது.

குள்ளம்மாள் அதே மண்டிக்குத்தான் திரும்பிப் போனாள். அவளுக்கு வேறு எது இருந்தது? யுத்த காலத்தில், கேழ்வரகு கிடைக்காமல் ஊரே கீரையை அவித்துத் தின்ற நாட்களில், கைப்பிள்ளைக்காரிகளைத் தேடிப்போய் ஒன்றையே சொன்னாள்: "குடுக்காதீங்கடி. ஒருக்கா வுட்டுட்டா மறுபடி தொடவே தொடாதீங்க." சிலர் கேட்டார்கள். சிலர், "பெத்ததக் கொன்னவ புத்தி சொல்றா" என்றார்கள். அவள் அடுத்த குடிசைக்குப் போவாள்.

யுத்தம் முடிந்து, சென்ற ஆண்டு அவளும் வேறு சில பெண்களும் முதலாளியிடமே போய், கொட்டகையில் ஒரு மூலையும், பார்த்துக்கொள்ள ஒரு கிழவியும் கேட்டார்கள். "இது புளி மண்டியா, தூளி கட்ற வூடா?" என்றார் அவர். குள்ளம்மாளை அன்றே நிறுத்திவிட்டார்கள். இப்போது பென்னாகரம் ரோட்டில் ஜல்லி உடைக்கிறாள். அந்தச் சட்டம் இன்றும் அப்படியே இருக்கிறது.

இதைப் படிக்கிறவர்களில் புளியந்தோப்பு வைத்திருப்பவர்கள் உண்டு. மூட்டை வாங்கும் வியாபாரிகளும் உண்டு. பரிதாபப்பட்டுவிட்டு இந்தப் பக்கத்தைப் புரட்டாதீர்கள். தை பிறந்ததும் வண்டி பூட்டுவீர்கள். அதற்குமுன் மண்டிக்குள் போய், படுத்த பிள்ளைகளுக்கு இடம் எங்கே என்று கேளுங்கள். விரித்த பாயையும் பக்கத்தில் ஒரு ஆளையும் கண்ணால் பார்த்த பிறகு சரக்கை இறக்குங்கள், ஏற்றுங்கள். பார்க்காவிட்டால் வண்டியைத் திருப்புங்கள்.