இரண்டு பேர் ஓட்டும் விமானம்

பதினான்கு வருடம் நான் போர் விமானம் ஓட்டினேன். அதில் ஒரே ஓர் இருக்கைதான். நாற்பது வயதில் என் கழுத்தெலும்புகளுக்கு இடையே இருந்த தட்டு ஒன்று விலகியது. விமானம் வேகமாகத் திரும்பும்போது தலைக்கவசத்தோடு சேர்ந்து தலை பல மடங்கு கனக்கும். அத்தனை காலம் அதைத் தாங்கிய கழுத்து ஒரு நாள் முடியாது என்றுவிட்டது. விமானப்படை மருத்துவர் படத்தைத் திரையில் காட்டி, "சாதாரண விமானம் என்றால் ஓட்டலாம். இது இனி வேண்டாம்" என்றார்.

மொன்ட்ரியாலின் லாசால் பகுதியில் இருக்கும் அம்மாவிடம் போய்ச் சொன்னேன். மீன் வெட்டிக்கொண்டிருந்தவர் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"இனி அதில ஏறமாட்டியோ?"

"இல்லை அம்மா."

"நல்லது மோனை. இரு, கழுத்துக்கு எண்ணெய் பூசிவிடுறன்."

அந்த "நல்லது" எனக்குச் சுட்டது. ஆனால் அதன் காரணம் தெரியும். யாழ்ப்பாணத்தில் குண்டு போடும் விமானங்கள் வரும்போது என்னையும் தங்கையையும் பங்கர் குழிக்குள் தள்ளி, எங்கள் மேல் குப்புறப் படுத்துக்கொண்டவர் அவர். எனக்கு அப்போது எட்டு வயது. கீழே கிடக்கிற எங்களுக்குத்தான் பயம், மேலே இருக்கிறவனுக்குப் பயமே இருக்காது என்று அந்த வயதில் எனக்கு ஓர் எண்ணம் விழுந்தது. கனடாவுக்கு வந்து வளர்ந்த பிறகும் அது போகவில்லை. நான் கனடிய விமானப்படையில் சேர்ந்தபோது அம்மா தடுக்கவில்லை. கோயிலில் யாராவது விசாரித்தால் "மகன் அரசாங்க வேலை" என்பதோடு நிறுத்திக்கொள்வார். நான் பறப்பதைப் பார்க்க ஒரு தடவையும் வந்ததில்லை.

எட்டு மாதம் வேலையில்லாமல் இருந்தேன். காலையில் மகளைக் கார்டெரி என்னும் குழந்தைக் காப்பகத்தில் விட்டுவிட்டு வந்து, மாலை வரை வானிலை வரைபடங்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கடைசியில் வேலை தந்தது, மொன்ட்ரியாலிலிருந்து வடக்கே சாலையே இல்லாத ஊர்களுக்குப் பறக்கும் ஒரு சிறிய நிறுவனம். அவர்களுடைய விமானங்களுக்கு என்னைவிட வயது அதிகம். இரண்டு இறக்கைகளிலும் டர்போபிராப் எஞ்சின்; உள்ளே ஜெட் போல எரிந்து, வெளியே ஆளுயர விசிறியைச் சுழற்றுவது. முன்பாதியில் பால், உருளைக்கிழங்கு, ஸ்னோமொபில் பனிவண்டிகளின் உதிரிப்பாகங்கள் ஏறும். பின்பாதியில் இருபது பேர் உட்காரலாம். ஓடுபாதை பல ஊர்களில் வெறும் சரளைக்கல்.

எனக்குக் கிடைத்தது துணை விமானியின் வலது இருக்கை. என் கேப்டன் முப்பத்தொரு வயதுப் பெண். மன்னாரிலிருந்து வந்த பெற்றோருக்கு மொன்ட்ரியால்-நோர் பகுதியில் பிறந்தவர். முதல் நாள் பணிப்பட்டியலில் என் பெயரைப் பார்த்துவிட்டு வந்தார்.

"நீங்க தமிழோ அண்ணை?"

"ஓம்."

"சரி. ஒண்டு சொல்லிப்போடுறன். வெளியில நீங்க எனக்கு அண்ணை. காக்பிட்டுக்குள்ள அண்ணையும் இல்லை, தங்கச்சியும் இல்லை."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அந்தப் பழைய ரகத்துக்கு, தரையிலேயே பறந்து பழகும் பயிற்சி இயந்திரம் எங்களுக்குக் கிடைக்கவில்லை. அதனால் விடிகாலையில் வெறும் விமானத்தை எடுத்துக்கொண்டு போய்த்தான் பழகினோம். மூன்றாவது நாள், தரையை விட்டுப் பாதுகாப்பான உயரத்துக்கு வந்ததும், அவர் சொல்லாமல் கொள்ளாமல் ஓர் எஞ்சினின் விசையைக் குறைத்தார். நான் ஓட்டிய ஜெட்டில் இரண்டு எஞ்சினும் ஒட்டிக்கொண்டு இருந்தன; ஒன்று போனாலும் பெரிதாகத் தெரியாது. இங்கே அவை இறக்கைகளில் தள்ளித் தள்ளி இருந்தன. மூக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போயிற்று. நான் எதிர்ப்பக்கக் கால்மிதியை மிதித்து, நேராக்கி, செய்யவேண்டிய எல்லாவற்றையும் சில நொடிகளில் செய்து முடித்தேன். எனக்குப் பெருமையாக இருந்தது.

இறங்கியதும் அவர் கேட்டார். "அங்க என்ன நடந்தது எண்டு எனக்குச் சொன்னீங்களோ?"

"சரியாத்தானே செய்தனான்."

"ஓம், சரியாத்தான் செய்தனீங்கள். ஆனா நான் பக்கத்தில சும்மா இருந்தனான். எந்த எஞ்சின் எண்டு நீங்க வாயால சொல்லோணும். நான் பாத்து ஓம் எண்டோணும். பேந்துதான் கை போகோணும். கெட்டிக்காரர்தான் அவசரத்தில நல்ல எஞ்சினை நிப்பாட்டுறவை."

அன்று பயிற்சித் தாளில் எனக்குத் தேர்ச்சி போடவில்லை. வீட்டுக்கு வந்து, வேலையை விடப்போகிறேன் என்று மனைவியிடம் சொன்னேன். உடுப்பு மடித்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"அந்தப் பிள்ளை சொன்னதில என்ன பிழை? வீட்டிலயும் நீங்க அப்பிடித்தானே. கழுத்து நோ தொடங்கி ரெண்டு வருசம். டொக்டர் சொன்னதுக்குப் பிறகுதான் எனக்குச் சொன்னீங்கள்."

அடுத்த நாளிலிருந்து சமையலறையில் பழகத் தொடங்கினேன். "இடது அடுப்பை நிப்பாட்டப் போறன்" என்று உரக்கச் சொல்வேன். மேசையில் படம் கீறிக்கொண்டிருக்கும் மகள் எட்டிப் பார்த்து, பிரெஞ்சில் ஆமோதித்து, "வீ, பப்பா, இடது" என்பாள். அதன் பிறகுதான் கையை வைப்பேன். மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். இரண்டு வாரம் கழித்துத் தேர்ச்சி பெற்றேன்.

அந்தக் குளிர்காலத்தில், வடக்கே போகும் வழியில், இடது எஞ்சினின் எண்ணெய் அழுத்தம் மெல்ல இறங்கத் தொடங்கியது. கீழே பனியும் உறைந்த ஏரிகளும் தவிர வேறொன்றும் இல்லை. பின்னால் பதினேழு பேர். விமானம் கேப்டனின் கையில் இருந்தது. அழுத்தமானியின் முள் இறங்குவதை முதலில் கண்டது நான். என் கை தானாக எஞ்சினை நிறுத்தும் நெம்புகோல் பக்கம் எழுந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டேன்.

"இடது எஞ்சின். எண்ணெய் அழுத்தம் குறையுது" என்றேன்.

அவர் பார்த்தார். "இடது. ஓம்."

முள் சிவப்புக் கோட்டைத் தொட்டபோது, ஒவ்வொரு படியாக வாசித்து, ஒவ்வொன்றுக்கும் அவருடைய "ஓம்" கேட்டு, அந்த எஞ்சினை நிறுத்தினோம். விசிறி சுழற்சி குறைந்து நின்றது. நாற்பது நிமிடத் தூரத்தில் தார் போட்ட ஓடுபாதை உள்ள ஓர் ஊர் இருந்தது. அங்கே திரும்பினோம்.

"சனத்தோட கதையுங்கோ" என்றார் கேப்டன்.

இத்தனை வருடத்தில் நான் பயணிகளோடு பேசியதே இல்லை. ஒலிவாங்கியை எடுத்து, ஓர் எஞ்சினை நாங்களேதான் நிறுத்தினோம், மற்றது நன்றாக ஓடுகிறது, இந்த விமானம் ஒன்றிலேயே பறக்கக்கூடியது என்று ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் சொன்னேன். "ஜன்னலால் பார்த்தால் விசிறி நிற்பது தெரியும். பார்க்க நன்றாக இருக்காது, ஆனால் ஆபத்தில்லை" என்றும் சேர்த்தேன். யாரோ சிரித்தது கதவு வழியே கேட்டது.

பத்திரமாக இறங்கினோம். மொன்ட்ரியால் ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்றுவிட்டு ஊர் திரும்பிக்கொண்டிருந்த வடக்கின் பூர்வகுடியான இனுயிட் பெண் ஒருவர் படியருகே நின்றார். குழந்தை அவருடைய அங்கியின் முதுகுப் பைக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. "நீங்கள்தான் பேசினீர்களா?" என்று கேட்டார். ஆம் என்றேன். "நல்லது. என்ன நடக்கிறது என்று தெரிந்தால் போதும்" என்று தன் பயணப் பெட்டியை என்னிடம் நீட்டினார். கட்டடம் வரை தூக்கிக்கொண்டு போனேன். போர் விமானத்தில் யாருக்காகப் பறந்தேனோ, அவர்களில் ஒருவருடைய முகத்தையும் நான் பார்த்ததில்லை.

வசந்தத்தில் ஒரு ஞாயிறு, தேவாலயத்தில் பூசை முடிந்து கேப்டன் என் அம்மா வீட்டுக்குச் சாப்பிட வந்தார். அம்மாவுக்கு அவரைப் பிடித்துவிட்டது. இரண்டாம் முறை சோறு போடும்போது கேப்டன் கேட்டார், "அம்மா, ஒருக்கா எங்களோட வாங்கோவன்?"

"எனக்கு அந்தச் சத்தம் ஏலாது, பிள்ளை."

"இது வேற சத்தம் அம்மா. பழைய பஸ் மாதிரி. நானெல்லோ ஓட்டுறன்."

கோடையில் கனடாவின் கிழக்கு வளைகுடாத் தீவுகளுக்குச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிப் போனோம். ஊழியர் குடும்பத்துக்கு ஓர் இருக்கை உண்டு. அம்மா ஏறினார். எஞ்சின்களை ஓடவிடும்போது நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க எனக்கு நேரமும் இல்லை, துணிவும் இல்லை. தீவில் இறங்கியபோது கைப்பையை நெஞ்சோடு பிடித்தபடி படியிறங்கி வந்தார். முகம் வெளிறியிருந்தது. விமானத்தின் நிழலில் இருவரும் நின்றோம்.

"மோனை, நீ அதில போகேக்க ஆற்றையும் தலையில குண்டு போட்டனியோ?"

எத்தனை வருடம் அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டிருந்தாரோ தெரியாது. எல்லையைக் காவல் காப்பதுதான் எனக்குக் கிடைத்த வேலை. அது என் அதிர்ஷ்டம்; என் குணம் அல்ல.

"இல்லை அம்மா. ஒருத்தற்றை தலையிலயும் போடேல்லை. போடச் சொல்லியிருந்தா என்ன செய்திருப்பன் எண்டு தெரியாது."

அம்மா கைப்பையை நெஞ்சிலிருந்து இறக்கினார்.

"முந்தியே கேட்டிருக்கலாம்" என்றார். "நீயும் சொல்லியிருக்கலாம்."

"ஓம்."

திரும்பிப் போக மூன்று மணி நேரம் இருந்தது. கேப்டன் ஒரு காரைப் பிடித்துக்கொண்டு வந்தார். துறைமுகத்தில் சிங்க இறால் விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அம்மா முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். சரக்குப் பகுதியில் பனிக்கட்டிப் பெட்டி ஒன்றுக்கு இடம் இருக்குமா என்று கேப்டனிடம் விசாரித்துக்கொண்டே வந்தார். காற்று பலமாக அடித்தது. நான் பின்னால் உட்கார்ந்து, அவர்கள் கதைப்பதைக் கேட்டுக்கொண்டு போனேன்.