ஜலகண்டம் உள்ள கப்பல்

இன்று காலையிலிருந்து எங்கள் தெருவில் தார் போடுகிறார்கள். பிள்ளையார்பாளையத்தில் தெரு போடுவது நினைத்த பொழுது நடக்கும் காரியமா? தேர்தல் நெருங்க வேண்டும், அல்லது கும்பாபிஷேகம் நெருங்க வேண்டும். சாயம் தோய்த்துக் காயப்போட்ட பட்டில் நெடி ஏறிவிடும் என்று அண்டை வீட்டார் கதவுகளைச் சாத்திக்கொண்டார்கள். நானோ நாற்காலியை வாசலுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு அந்தப் புகையை மூச்சு முட்ட வாங்கிக்கொண்டிருக்கிறேன். இருமல் வரும் என்று மருமகள் இருமுறை எச்சரித்தாள். வந்தும் விட்டது. ஆனாலும் எழுந்திருக்க மனமில்லை, நண்பரே. எனக்குத் தார் மணம் என்றால் சென்னைத் துறைமுகம்; துறைமுகம் என்றால் என் தங்கை செண்பகத்தைப் பினாங்குக்குக் கொண்டுபோன அந்தப் பழைய கப்பல்.

அறுபதுகளின் பிற்பகுதி. எங்கள் தந்தையார் சிவபதம் அடைந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. வீட்டில் அம்மா, செண்பகம், நான், ஒரு தறி. நான் ஒரு பட்டு ஜவுளிக் கடையில் வெளியூர்க் கடிதங்கள் எழுதும் வேலையில் இருந்தேன். விடியலில் நீராடி, திருநீறணிந்து, பதிகங்களை ஓதி முடித்த பின்னரே பேனாவைத் தொடுவேன். பிறவியைக் கடலென்றும் இறைவன் திருவடியைத் தோணியென்றும் பாடிய அடிகளை ஆயிரம் முறையாவது உருகி உருகிச் சொல்லியிருப்பேன். உண்மைக் கடலைப் பார்த்ததோ ஒரே முறை, மாமல்லபுரத்தில். அதுவும் அலை காலைத் தொட்டவுடன் நாலடி பின்வாங்கி நின்றவன் நான்.

செண்பகத்துக்குத் திருமணமாகி இரண்டாண்டுகள் கழிந்திருந்தன. மாப்பிள்ளை வடிவேலு பினாங்கில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தார். தாலி கட்டிய இருபதாம் நாள் கப்பலேறிப் போனவர் மனைவியை அழைத்துக்கொள்ள அங்கே விண்ணப்பித்திருந்தார். அனுமதி ஒரு வழியாக வந்தது. ஆனால் ஐப்பசி முடிவதற்குள் அவள் பினாங்கு மண்ணில் கால் வைத்தாக வேண்டும். தவறினால் மறுபடி முதலிலிருந்து விண்ணப்பம். இன்னும் இரண்டாண்டோ, நான்காண்டோ யார் அறிவார்? அதற்குள் இடம் கிடைத்தது ஒரே ஒரு கப்பலில். புரட்டாசிக் கடைசியில் புறப்படும் கப்பல்.

பயணச்சீட்டு வாங்கிய மகிழ்ச்சியில் வாயைத் திறந்தவன் நான்தான். "நாப்பது வருஷத்துக்கு மேல ஓடிக்கினே இருக்குதாம்மா, அவ்வளவு உறுதியான கப்பல்" என்று பெருமையாகச் சொன்னேன். அம்மாவின் கையிலிருந்த ராட்டை நின்றது.

"நாப்பது வருஷமா? அப்ப என் வயசாடா அதுக்கு?"

"கிட்டத்தட்ட."

"எனக்கே கோயில் படி ஏறினா முட்டி கழண்டு போவுது. என் வயசு இரும்பு எப்படிடா கடலைத் தாண்டும்? என் பொண்ணை நான் அனுப்ப மாட்டேன். புதுக் கப்பல் வரட்டும்."

மூன்று நாள் வாதாடினேன். தேர் பழையதானால் ஊரே நம்பி வடம் பிடிப்பதில்லையா என்று கேட்டேன். "தேர் தெருவுல ஓடுது. சாஞ்சா எறங்கி வீட்டுக்கு நடந்து வந்துடலாம்" என்று ஒரே வாக்கியத்தில் முடித்தாள். செண்பகம் ஒரு சொல்லும் பேசவில்லை. ஆனால் போகக்கூடாது என்று அம்மா சொன்ன அந்த நாட்களில்தான், தறியில் பாதி நின்ற பாவு நூலை அவள் இரு மடங்கு வேகத்தில் நெய்து கொண்டிருந்தாள். தறியில் ஏற்றிய பாவு நூலைப் பாதியில் விட்டுப் பயணம் போவது எங்கள் வீடுகளில் வழக்கமில்லை. தறியில் நாடாக்கட்டை ஓடும் ஓசையைக் கேட்டாலே அவள் மனம் எந்த ஊரில் இருக்கிறது என்பது தெரிந்தது.

நான்காம் நாள் அம்மாவே ஒரு வழி சொன்னாள். "அதனோட ஜாதகத்தைக் கொண்டா. கன்னியப்ப அண்ணன் பாக்கட்டும். ஆயுசு கெட்டின்னா அனுப்பறேன்."

நீங்கள் சிரிக்கலாம். எங்கள் தெருவில் யாரும் சிரிக்கவில்லை. கன்னியப்ப மாமா தொழிலால் நெசவாளி, பற்றினால் சோதிடர். தறிக்குழியில் காலை வைத்தபடியே பக்கத்துச் சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் கட்டம் போட்டுப் பலன் சொல்வார். பிறந்த பிள்ளைக்குப் பார்ப்பார், புதுத் தறிக்குப் பார்ப்பார். ஒருவர் வாங்கிய மிதிவண்டிக்குக்கூட ராகு சரியில்லை என்று சொல்லி, அது மறுவாரமே காணாமல் போனதால் அவர் புகழ் ஐயம்பேட்டை வரை பரவியிருந்தது. கப்பல் என்றால் மட்டும் மறுப்பாரா?

பஸ் ஏறிச் சென்னைக்குப் போனேன். கப்பல் முகவர் அலுவலகத்தில் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிய ஒரு குமாஸ்தா. கப்பல் எந்த நாளில் பிறந்தது என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"இன்னா சார், கப்பலுக்கு வரன் பாக்கிறீங்களா?"

"ஆயுசு பாக்கணுங்க. என் தங்கச்சி போறா."

"அது நம்ம ஆயுசைப் பாத்துட்டுதான் போவும், சார். எங்க மாமனாரு அதுல போனாரு. மச்சான் அதுலதான் போனான். சண்டைக் காலத்துல சோல்ஜருங்களை ஏத்திக்கினு எங்கெங்கேயோ சுத்திட்டு, ஒண்ணுமே நடக்காத மாதிரி திரும்பி வந்து நின்னுச்சு. நான் ரிடையர் ஆனப்புறமும் ஓடும், பாருங்க."

ஆனாலும் நல்ல மனிதர். தடித்த ஏடு ஒன்றைப் புரட்டி, கப்பல் சீமையில் முதன்முதலாக நீரில் இறங்கிய தேதியை ஒரு துண்டுத் தாளில் குறித்துக் கொடுத்தார். நேரம் கேட்டேன். "மத்தியானமா இருக்கும், தண்ணி ஏறுற நேரம். நான் என்ன பிரசவமா பாத்தேன்?" என்றார்.

அம்மாவும் செண்பகமும் உடன்வர மாமா வீட்டுக்குப் போனேன். கன்னியப்ப மாமா தேதியை வாங்கிக்கொண்டு யோசித்தார். "பொறந்தது எந்த ஊரு?"

"சீமை."

"சீமையில சூரியன் எப்ப உதிக்கும்?"

நாலு ஆங்கிலக் கடிதம் எழுதியவன் என்ற செருக்கு எனக்கு. "நமக்கும் அவங்களுக்கும் அஞ்சரை மணி வித்தியாசம், மாமா" என்றேன். கூட்டச் சொன்னேனா, கழிக்கச் சொன்னேனா என்பது இந்த நிமிடம் வரை எனக்குத் தெளிவில்லை. அவர் ஏதோ ஒன்றைச் செய்தார். சுவரில் கட்டம் விழுந்தது. கும்ப ராசி, சதய நட்சத்திரம். வருணனின் நட்சத்திரம் என்று நான் மனத்துக்குள் மகிழ்ந்தேன். பிறந்த தேதிப்படி கப்பல் அம்மாவைவிட நான்கு மாதம் மூத்தது என்பதும் தெரிந்தது.

மாமா நெடுநேரம் கட்டத்தையே பார்த்தார். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"ஆயுசு ஸ்தானம் சுத்தமா இல்லம்மா. பன்னெண்டு வயசைத் தாண்டாது. ஜலகண்டம் இருக்குது. தண்ணிப் பக்கமே போவக் கூடாது."

செண்பகம்தான் முதலில் பேசினாள், அத்தனை நாளுக்குப் பிறகு. "கப்பலு தண்ணிப் பக்கம் போவாம வேற எங்க மாமா போவும்? பஸ் ஸ்டாண்டுக்கா?" சொல்லிவிட்டு அழுதுவிட்டாள்.

எல்லாம் முடிந்தது என்று எண்ணினேன். ஐந்தரை மணியைப் பற்றிய ஐயம் அப்போதே எனக்கு வந்துவிட்டது. கணக்கு தப்பாயிருக்கலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அம்மா கேட்டாள்.

"அண்ணே, பன்னெண்டு வயசுல போயிடும்னா சொல்றீங்க?"

"கட்டம் அப்படித்தாம்மா சொல்லுது."

"இப்ப அதுக்கு நாப்பத்திரண்டு."

"ஆமா."

"அப்ப முப்பது வருஷமா அதை யாரு புடிச்சுக்கினு இருக்கிறது?"

மாமா சுவர்க் கட்டத்தை விரலால் மறுபடி எண்ணிப் பார்த்தார். "ஜாதகம் தப்பாதும்மா. கப்பல்தான் எப்படியோ தப்பிச்சிருக்குது" என்று முணுமுணுத்தார்.

அம்மா எழுந்துவிட்டாள். "வெள்ளம் வந்தப்ப மணலால செஞ்ச லிங்கமே கரையாம நின்ன ஊரு நம்ம ஊரு. அம்பாள் கட்டிப் புடிச்சிக்கினா, மணலு நிக்கும். இதையும் எவளோ கட்டிப் புடிச்சிக்கினு இருக்கிறா. நல்ல ஆயுசு இருக்கிற புதுக் கப்பலைவிட இதுதான் எனக்கு நம்பிக்கை. செம்பகம், பொட்டியை எடு."

காலனையே காலால் உதைத்த பெருமானைத் தினமும் ஓதியவன் நான். அந்த நினைப்பு எனக்கு வரவில்லை. எழுத்தறியாத அம்மாவுக்கு வந்தது.

புறப்படும் நாளில் துறைமுகம் முழுவதும் தாரும் கயிறும் வெங்காய மூட்டையுமாக மணத்தது. கண்ணீரும் கூச்சலுமாக ஒரு பெருந்திரள். தகரப் பெட்டிகள், ஊறுகாய் ஜாடிகள், மூங்கில் கூடைக்குள் கூவும் ஒரு சேவல். அந்தச் சேவலை என்ன செய்தார்களோ, அறியேன். கப்பலோ புதிதாய்ச் சாயமேற்றிய பழம்புடவை போலப் பளபளத்தது. கிட்டப் போய்ப் பார்த்தால் ஒட்டுப்போட்ட தகடுகளும், பூச்சுக்கு மேல் பூச்சாகக் கனத்துப்போன ஆணிக் குமிழ்களும் தெரிந்தன. அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு கரையின் ஓரத்துக்கே போய், கையை நீட்டி அதன் பக்கத்தைத் தொட்டாள். பூச்சு காயவில்லை. கறுத்த உள்ளங்கையைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு இரு கைகளையும் நெற்றிப்பொட்டில் வைத்து, மணப்பெண்ணுக்குச் செய்வது போலக் கப்பலுக்குத் திருஷ்டி கழித்து நெட்டி முறித்தாள். சங்கு ஊதியது. மேல்தளத்தில் செண்பகம் ஒரு மஞ்சள் புள்ளியாகும் வரை நின்றோம்.

அன்றிலிருந்து அக்கப்பல் எங்கள் குடும்பத்தில் ஓர் ஆள். அதன் ஆங்கிலப் பெயர் அம்மாவின் நாவில் நிற்கவில்லை. தன்னைவிட நான்கு மாதம் மூத்ததாயிற்றே, அதனால் 'கப்பலக்கா' என்று பெயரிட்டாள். நாளிதழில் கப்பல் வரவு பார்த்துச் சொல்வது என் வேலை. அது புறப்படும் நாளெல்லாம் அம்மா கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்வாள். முதல் முறை குருக்கள் திகைத்துப்போனார்.

"கப்பலுக்கா? சரி, ராசி நட்சத்திரம்?"

"கும்பம், சதயம்."

"கோத்திரம்?"

"எங்க கோத்திரந்தான். எங்க பொண்ணு போன கப்பலு."

செண்பகம் நலமாய்ச் சேர்ந்தாள். ஏழாம் நாள் கடலில் நிலவைப் பார்த்ததையும், கன்னியப்ப மாமாவை நினைத்துச் சிரித்ததையும் எழுதியிருந்தாள். நான்காண்டு கழித்து அதே கப்பலில் இரண்டு குழந்தைகளோடு வந்தாள், அதிலேயே திரும்பினாள். மாமா அந்தக் குழந்தைகளுக்கு ஜாதகம் எழுத முன்வந்தபோது, "வேணாம் மாமா, நல்லா இருக்கட்டும்" என்றாள். அவரும் சேர்ந்து சிரித்தார்.

எழுபதுகளில் ஒரு நாள் அந்தச் செய்தியைப் படித்தேன். கப்பலை நிறுத்திவிட்டார்கள், உடைக்கக் கொண்டுபோகிறார்கள். ஒரு வாரம் மறைத்தேன். பிறகு சொன்னேன். அம்மா கிணற்றடிக்குப் போய்த் தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டாள்.

"என்னம்மா இது?"

"அக்கா போயிட்டா தலை முழுக மாட்டாங்களா?" ஈரத் தலையோடு என்னைப் பார்த்தாள். "பன்னெண்டுல போவ வேண்டியதுடா. அம்பதை எட்டிப் புடிச்சிட்டுப் போயிருக்குது. ஒருத்தரையும் தண்ணியில விடல. கொறையா?"

அப்போதுதான், இத்தனை ஆண்டு விழுங்கி வைத்திருந்ததைச் சொன்னேன். ஐந்தரை மணியைக் கூட்டினோமா கழித்தோமா என்று தெரியாது. ஜாதகமே தவறாக இருக்கலாம். நட்சத்திரம் சதயமாக இல்லாமலும் இருக்கலாம். இத்தனை அர்ச்சனையும் வேறொரு நட்சத்திரத்துக்கே போயிருக்கலாம்.

அம்மா தலையைத் துவட்டிக்கொண்டே சிரித்தாள். "சதயமோ சித்திரையோ, கேக்கிறவருக்குத் தெரியாதா எந்தக் கப்பல்னு?"

தெருவில் இப்போது உருளை வண்டி ஓடுகிறது. சுண்ணாம்புக் கட்டங்கள் இருந்த கன்னியப்ப மாமாவின் சுவர் இடிந்து, அங்கே ஒரு தங்கும் விடுதி எழுந்துவிட்டது. பினாங்குக்குக் கப்பல் கிடையாது. ஏழாம் நாள் கடல் நிலவும் கிடையாது. அம்மா இல்லை. செண்பகத்தின் பேத்தி நாளை விமானத்தில் வருகிறாள்; காலையில் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு இங்கே இருப்பாள். அந்த விமானத்துக்கு என்ன வயது என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்கவில்லை.

நேற்று மாலை அவளுக்காகக் கோயிலுக்குப் போனேன். பழைய குருக்களின் மகன் தட்டை வாங்கிக்கொண்டு நட்சத்திரம் கேட்டார். குழந்தையின் நட்சத்திரம் நினைவில் இல்லை.

"சதயம்" என்றேன். "கும்ப ராசி."