ஒண்ணு

காலை ஏழு மணி பத்து நிமிடம். ஊரப்பாக்கம் ரயில் நிலையத்தில் செங்கல்பட்டு பக்கம் போகும் நடைமேடை. எனக்கு முன்னால் நின்ற மாணவியின் கைபேசியில்தான் அதை முதலில் பார்த்தேன். ஒரு கம்பத்தில் கோதுமைச் சாக்கு தொங்கியது. சாக்கு அசைந்தது. பச்சைச் சீருடை அணிந்த நான்கு பேர் முறைவைத்து அதைக் கட்டையால் அடித்தார்கள். கடைசியில் சாக்கின் வாய் வழியாக ஒரு நாயின் முன்னங்கால் வெளியே வந்தது. அந்தப் பெண் காதில் ஹெட்போன் மாட்டியிருந்ததால் எனக்குச் சத்தம் கேட்கவில்லை.

வண்டியில் ஏறி உட்கார்ந்தபோது அது என் கைபேசிக்கும் வந்திருந்தது. பத்தொன்பது விநாடி. பக்கத்தில் ஒரு அம்மா குழந்தைக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தார். சத்தத்தை அணைத்துவிட்டு மூன்று முறை பார்த்தேன். நாயின் குரலைக் கேட்க எனக்கு விருப்பமும் இல்லை. இதை இப்போது எழுதும்போது தெளிவாகச் சொல்ல முடிகிறது. அன்று அதைப் பற்றி யோசிக்கவில்லை.

நான் ஒரு நாளிதழின் மாவட்டப் பக்கங்களைத் தயாரிக்கும் உதவி ஆசிரியர். செங்கல்பட்டில் எங்கள் அலுவலகம் மூன்று மேசைகள் கொண்டது. பக்கங்களை மாலை ஆறரைக்குள் முடித்துச் சென்னைக்கு அனுப்பிவிட வேண்டும். வேகமாகச் செய்தி திருத்துபவன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு.

அன்று பதினொரு மணிக்கு டெல்லியிலிருந்து ஆங்கிலச் செய்தி வந்தது. வடக்கே ஏதோ ஒரு ராணுவ முகாம். படம் எடுத்தவன் தமிழன், நடுவில் அவன் குரல் கேட்கிறது, 'அதற்குக் கொடு, நண்பா' என்று சொல்லி மற்றவர்களை உசுப்பேற்றுகிறான் என்று எழுதியிருந்தார்கள். இரண்டு மணிக்குள் திருக்கழுக்குன்றம் பக்கத்து வாட்ஸ்அப் குழு ஒன்றில் அந்தக் குரல் யாருடையது என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் நிருபர் ஊரை உறுதி செய்தார். திருக்கழுக்குன்றத்துக்கு அருகே ஒரு சிற்றூர். அவன் தெருவிலிருந்து ராணுவத்துக்குப் போன முதல் ஆள் அவன்தான்.

செய்தி என் மேசைக்கு வந்தது. 'கொடு நண்பா' என்று எங்கள் பகுதியில் எவரும் பேச மாட்டார்கள். செங்கல்பட்டிலிருந்து கடற்கரை வரை எந்தத் தெருவிலும் 'ஒண்ணு வுடு மச்சான்' என்றுதான் சொல்வார்கள். அப்படியே எழுதினேன். மேற்கோள் குறிக்குள் போட்டேன். அதையே தலைப்பாகவும் வைத்தேன்: 'ஒண்ணு வுடு மச்சான்' - நாயை அடிக்கத் தூண்டிய செங்கல்பட்டு ராணுவ வீரர்.

மறுநாள் காலையிலிருந்து தொலைபேசி ஓயவில்லை. முதலில் வந்தவர்களின் கோபம் 'வீரர்' என்ற சொல்லின் மேல். சாக்குக்குள் கட்டிப்போட்ட நாயை அடித்தவனுக்கு வீரர் என்று எப்படிப் போடலாம் என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆனால் தமிழ்ப் பத்திரிகையில் அந்தச் சொல்லுக்கு மாற்று இல்லை. 'சிப்பாய்' என்றால் இழிவு, 'ஜவான்' என்றால் இந்தி. மதியத்துக்குமேல் வேறு வகை அழைப்புகள் வந்தன. எல்லையில் பனியில் நிற்கிறவனை ஒரு தெருநாய்க்காகக் கேவலப்படுத்துகிறாயா என்று கேட்டார்கள். அன்று மாலை அனுப்பிய பக்கத்தில் 'ராணுவத்தினர்' என்று மாற்றினோம். இரண்டு தரப்பும் அதன்பிறகும் திட்டின.

மூன்றாம் நாள் மாமல்லபுரம் பேருந்து நிலையம் அருகே ஆர்ப்பாட்டம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் குடியிருப்பவர்கள், கல்லூரிப் பிள்ளைகள், திருவிடந்தையில் தெருநாய்களுக்குச் சோறு போடும் ஒரு அம்மா. சிலர் தங்கள் நாய்களைத் தோளில் தூக்கி வந்திருந்தார்கள். வெயிலில் நாய்கள் நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்தன. நிருபர் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அட்டைகளில் பாதிக்கு மேல் என் தலைப்பு. 'ஒண்ணு வுடு மச்சான்' என்று எழுதி அதன் மேல் சிவப்பில் குறுக்குக் கோடு. ஒன்றில் 'உனக்கு ஒண்ணு வுடட்டா மச்சான்?' என்று இருந்தது. அன்று எனக்கு வந்தது ஒருவிதத் திருப்திதான். அதை மறைப்பதில் பயனில்லை.

அதே நாள் அந்தச் சிற்றூரிலிருந்தும் ஒரு படம் வந்தது. அவன் பயிற்சி முடித்தபோது ஊர் முனையில் வைத்த ஃப்ளெக்ஸ், இரண்டு வருடமாகக் கிழியாமல் இருந்தது. அதில் அவன் முகத்தின் மேல் சாணி. அந்தப் படத்தைப் பக்கத்தில் போட இடமில்லை.

நான்காம் நாள் பிற்பகல் நான்கு மணிக்கு ஒரு பெண் அலுவலகத்துக்கு வந்தாள். முப்பது வயது இருக்கும். பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு ஐடி கம்பெனியின் வரவேற்பு மேசையில் வேலை. கழுத்தில் அடையாள அட்டையைக் கழற்றாமலே வந்திருந்தாள். அந்த ராணுவத்தானின் அக்கா என்று சொன்னாள். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்து எழுந்து நின்றேன். அவள் கையில் எங்கள் பத்திரிகை நான்காக மடிந்து இருந்தது.

"இத்த எழுதினது யாரு சார்?"

நான்தான் என்றேன்.

"அப்ப இதுல 'ஒண்ணு' எங்க கீது, காட்டுங்க."

கைபேசியை என் மேசையில் வைத்தாள். சத்தத்தை முழுதாக ஏற்றினாள். அந்தப் பத்தொன்பது விநாடியை நான் சத்தத்தோடு கேட்டது அப்போதுதான் முதல்முறை.

காற்றின் இரைச்சல். சாக்கின் மேல் கட்டை விழும் சத்தம். நாயின் குரல் குரைப்பாக இல்லை, ஒரே இழுப்பாக வந்தது. பதினோராவது விநாடியில் மிக அருகில் ஒரு ஆண் குரல்: 'வுடு மச்சான்.' அவ்வளவுதான். பிறகு வேறு யாரோ இந்தியில் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

திரும்பப் போடச் சொன்னேன். போட்டாள். 'ஒண்ணு' இல்லை. அது என்னுடைய சொல்.

"நாலு நாளா கேட்டுகினு கீறேன் சார். என் தம்பி வாயில அந்த வார்த்தையே இல்ல. வுடுன்னா வுட்ருன்னு அர்த்தம். அத்தப் போயி அடின்னு ஆக்கிட்டீங்களே."

பக்கம் வடிவமைப்பவர் செங்கல்பட்டுக்காரர். அடுத்த மேசையிலிருந்து அவர் குறுக்கிட்டார். அடிக்கச் சொல்லவும் அதே வார்த்தையைத்தானே சொல்வார்கள், கிரிக்கெட்டில் வுடு வுடு என்று கத்துவதில்லையா என்றார்.

"அண்ணாத்த, இது கிரிக்கெட்ல கத்துற மாதிரியா கீது? வந்து கேட்டுட்டுச் சொல்லு."

அவர் எழுந்து வந்து குனிந்து கேட்டார். பிறகு டீ வாங்கப் போனார்.

அவள் வந்த காரணத்தைச் சொன்னாள். அடுத்த வாரம் படைப்பிரிவில் விசாரணை. தம்பி போனில் பேசியிருக்கிறான். 'விட்டுவிடு' என்றுதான் சொன்னேன் என்று அவன் அதிகாரியிடம் சொன்னானாம். அதிகாரி எங்கள் பத்திரிகையின் நறுக்கை எடுத்துக் காட்டினாராம். உன் ஊர்ப் பத்திரிகையிலேயே, உன் பாஷையிலேயே போட்டிருக்கிறது, இதற்கு மேல் என்ன என்று கேட்டாராம்.

எனக்கு அது புரிய ஒரு நிமிடம் ஆனது. டெல்லிக்காரர்கள் தமிழை ஆங்கிலமாக்கினார்கள். நான் அந்த ஆங்கிலத்தை மறுபடி தமிழாக்கினேன். பேச்சு இயல்பாக இருக்கட்டும் என்று ஒரு சொல் சேர்த்தேன். இப்போது நான் எழுதியதுதான் மூலம். அவன் பேசியது அதன் பிழையான பிரதி.

ஒன்றைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. விட்டுவிடச் சொன்னவன் கைபேசியை ஏன் கீழே வைக்கவில்லை என்று கேட்டேன்.

"அத்த நானும் கேட்டேன் சார். அந்த நாலு பேரும் அவனுக்கு சீனியராம். கை நடுங்கிச்சி அக்கான்னு சொல்றான்." கைபேசியை எடுத்துப் பைக்குள் போட்டாள். "வீடியோல நடுங்கல. நான் பாத்தேன்."

அவன் ஒரே ஒரு நண்பனுக்குத்தான் அனுப்பினானாம். பார், இவர்கள் என்ன செய்கிறார்கள் என்று. அதன் பிறகு அது எப்படிப் பரவியது என்று அவனுக்கே தெரியாது. தெருவிலிருந்து முதல் ஆளாக ஒருவன் மிலிட்டரிக்குப் போனபோது செய்தி போட யாரும் வரவில்லை, இப்போது நாலு டிவி வண்டி வந்தது என்பதையும் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை.

சென்னையில் உள்ள செய்தி ஆசிரியருக்குப் போன் செய்தேன். முழுவதும் கேட்டார். திருத்தம் போட்டால் நாய்க்காரர்கள் நம் வாசலுக்கு வருவார்கள் என்றார். பிறகு, "ஏன்யா சத்தத்தோட கேக்கல?" என்றார். ரயிலில் இருந்தேன் என்றேன். அது முதல் நாள் காலை ஏழேகாலுக்குச் சரியான பதில். தலைப்பு வைத்த பிற்பகலில் நான் ரயிலில் இல்லை. சின்னதாகப் போட்டுவிடு என்றார்.

திருத்தம் நான்கு வரி. ஐந்தாம் பக்கத்தில் வந்தது. 'வுடு மச்சான்' என்று படிக்கவும் என்று இருந்தது. அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று திருத்தத்தில் எழுத வழியில்லை.

அது போதாது என்று எனக்குத் தெரிந்தது. விசாரணையில் காட்ட ஒரு கடிதம் எழுதிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலை அந்தச் சிற்றூருக்குப் போனேன். வேலைக்கு இடைஞ்சல் வரலாம் என்பதால் அலுவலகத்தில் சொல்லவில்லை. ஊர் முனையில் ஃப்ளெக்ஸின் சட்டம் மட்டும் நின்றது. சர்ச் முடிந்து ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். பைக்கில் உட்கார்ந்திருந்த ஒருவன் மட்டும், "இன்னா மச்சான், பேப்பரா? ஒண்ணு வுடு" என்றான். யாரும் சிரிக்கவில்லை.

வீட்டில் அக்காவும் அப்பாவும் இருந்தார்கள். அப்பா முன்பு அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை பார்த்தவர். இப்போது ஒரு அபார்ட்மென்டில் வாட்ச்மேன். நாற்காலியை எனக்குக் கொடுத்துவிட்டு நின்றார். நான் எவ்வளவு சொல்லியும் உட்காரவில்லை.

கடிதத்தை அக்கா நின்றபடியே படித்தாள். செய்தியை எழுதியபோது நான் ஒலியைக் கேட்கவில்லை என்று அதில் ஒப்புக்கொண்டிருந்தேன். 'ஒண்ணு' நான் சேர்த்த சொல் என்றும் எழுதியிருந்தேன். மூன்றாவது பத்தியில் அவள் படிப்பதை நிறுத்தினாள். 'வுடு' என்பதற்கு விட்டுவிடு, அடி என்ற இரண்டு பொருளும் உண்டு, ஒலியை வைத்து இன்னதுதான் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று எழுதியிருந்தேன்.

அந்தப் பத்தியை எடுத்துவிட முடியுமா என்று கேட்டாள். அதை எழுதுவதற்கு முந்தைய இரவு அந்த ஒலியை எத்தனை முறை கேட்டேன் என்று கணக்கில்லை. ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி கேட்டது. கெஞ்சுவதுபோல ஒருமுறை, சலிப்பதுபோல ஒருமுறை. இன்னொருமுறை வெறும் விளையாட்டாக. எடுக்க முடியாது என்றேன். ஏற்கெனவே ஒருமுறை அவன் சொல்லாததை எழுதிவிட்டேன் என்றேன்.

"பேஜாரு புடிச்ச வார்த்த சார் இது" என்றாள். கடிதத்தை மடித்து உறையில் போட்டுக்கொண்டாள்.

கிளம்பும்போது அப்பா வாசல் வரை வந்தார்.

"அந்த நாயி செத்துப் போச்சா சார்?"

எனக்குத் தெரியவில்லை. நாங்கள் அதுவரை போட்ட ஏழு செய்திகளையும் திங்கட்கிழமை எடுத்துப் பார்த்தேன். எதிலும் இல்லை. டெல்லிக்குப் போன் செய்து செய்தி எழுதியவரிடம் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. விசாரித்துச் சொல்வதாகச் சொன்னார். நான் மறுபடி இரண்டு முறை கேட்டேன். அதற்குள் மாமல்லபுரத்தில் வேறு ஒரு ஆர்ப்பாட்டம் வந்துவிட்டது.

இரண்டு மாதம் கழித்து அக்கா ஒரு தாளின் படத்தை எனக்கு அனுப்பினாள். தம்பியைப் பணியிலிருந்து நீக்கும் உத்தரவு. ஆங்கிலத்தில் ஒரு பக்கம். தடை செய்யப்பட்ட இடத்தில் கைபேசி வைத்திருந்தது ஒரு குற்றம், அதில் படம் எடுத்து வெளியே அனுப்பியது இன்னொரு குற்றம். நாய் என்ற சொல் உத்தரவில் எங்கும் இல்லை.