ஃபோட்ஷிக் கீரையும் நரிவெங்காயமும்

பிரைட்டன் தாராவிக்காரன், கூரியர் கம்பெனியில் வேலை. மழைக்காலம் வந்துவிட்டால் சனிக்கிழமைதோறும் செடி கொடி பார்க்கப் போகும் எங்கள் கூட்டத்தைக் கர்ஜத் பக்கத்து மலைப்பாதையில் கூட்டிக்கொண்டு போய், ஒன்றுபோல் இருக்கும் பூக்களைப் பிரித்துக் காட்டுவான். வாத்தியார் தோரணைக்கு மட்டும் குறைச்சலே இல்லை. ஃபோட்ஷிப் பூ என்றால் பளிச்சென்ற வெள்ளை, நடுவில் மஞ்சள். நரிவெங்காயப் பூ மங்கல், இதழின் முதுகில் பழுப்புக் கோடு ஓடும். ஃபோட்ஷி இலையைச் சமைக்கலாம், தாதர் மார்க்கெட்டில் கட்டுக்கட்டாக விற்கிறார்கள். நரிவெங்காயம் கசக்கும், நெஞ்சுத் துடிப்பையே நிறுத்திவிடும். ஆனால் இலை இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

போன ஜூனில் ஒரு சனிக்கிழமை, வீட்டுக்கென்று கொஞ்சம் ஃபோட்ஷி எடுத்தான். எதையும் வேரோடு பிடுங்கக் கூடாது என்பது எங்கள் கூட்டத்தின் சட்டம். அதனால் பிளேடால் இலையை மட்டும் அறுத்துக்கொண்டான்.

மறுநாள் சர்ச் முடிந்து வந்து அவன் மனைவி ஷைனி அதைத் தேங்காய் போட்டு வதக்கினாள். மகளோடு சேர்த்து மூன்று பேரும் சாப்பிட்டார்கள். கை கழுவிவிட்டு, எனக்கு அனுப்பிப் பீற்றிக்கொள்ள அந்தச் செடியின் போட்டோவைத் தேடி, பெரிதாக்கிப் பார்த்தான். வெள்ளைப் பூவை ஒட்டிப் பாதி வாடிய இன்னொரு தண்டு நின்றது. அதன் இதழ்களில் பழுப்புக் கோடு.

கிழங்கு இருந்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். ஒன்று விரல் விரலாக இருக்கும், மற்றது அசல் வெங்காயம். கிழங்கோ கர்ஜத் மண்ணுக்குள் பத்திரமாக இருந்தது. எனக்குப் போன் போட்டான்.

"அண்ணே, நாலஞ்சு இலைதான் கலந்திருக்கும். அது யாரு தட்டுல விழுந்துச்சுன்னு தெரியலையே."

டாக்சி பிடித்துப் பிள்ளையோடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பச் சொல்லிவிட்டு, நானும் விக்ரோலியிலிருந்து ஓடினேன்.

கீரை கசந்ததா என்று டாக்டர் இந்தியில் கேட்டார். பிரைட்டன் இல்லை என்றான். ஷைனியும் இல்லை என்றாள். அவன் முகத்தில் கொஞ்சம் உயிர் வந்தது. அப்போது ஆறு வயது ஜெனிஃபர் அம்மாவின் மடியிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"எனக்குக் கசந்துச்சு. கீரைன்னா அப்படித்தான் இருக்கும், முழுங்குன்னு அப்பாதான் சொன்னாவ."

அதை ஷைனிதான் டாக்டருக்கு இந்தியில் சொன்னாள்.

ஜெனிஃபரின் துடிப்பு சீராகி நாலாம் நாள்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். அதுவரைக்கும் பிரைட்டன் பிள்ளையின் முகத்தைப் பார்க்கவே இல்லை. கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்து மானிட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.